பையன்களின் பெயரில் ஒரு மொழி வரைபடம்

கத்தலோனியாவில் மனிதக் கோபுரம் கட்டும் குழுக்களின் பெயர்களை வரிசையா எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வால்ஸ் ஊரில் "ஷிகெட்ஸ்". வென்ட்ரெல்லில் "நென்ஸ்". தெர்ராசாவில் "மின்யோன்ஸ்". தோரெதெம்பாராவில் "நோய்ஸ்". ஓசோனா வட்டாரத்தில் "சகால்ஸ்". விலானோவாவில் "போர்தெகாசோஸ்". சால்ட் ஊரில் "மர்ரெக்ஸ்". விலாஃபிராங்காவில் "ஷிகோத்ஸ்". கடல் தாண்டிப் போனால் மயோர்க்கா தீவில் "அல்லோத்ஸ்". கடைசியில் வரும் "ஸ்" பன்மை விகுதி. அதைக் கழட்டிவிட்டால், இத்தனை சொல்லுக்கும் அர்த்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: பையன்.

("நோய்" என்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். பார்சிலோனாவில் அம்மாக்கள் மகனைக் கூப்பிடும் சொல் அதுதான். தமிழ் எழுத்தில் எழுதும்போது இப்படி மாட்டிக்கொள்கிறது, என்ன செய்ய.)

ஒரே மொழியில் ஒரு சாதாரண வீட்டுச் சொல்லுக்கு எதற்கு இத்தனை வடிவம்? அந்தப் பெயர்கள் எப்படி ஒரு திருவிழாவின் டீ-ஷர்ட்டில் ஏறி உட்கார்ந்தன? சில மாதங்களாக ஓய்வு நேரத்தில் இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததை இங்கே போட்டு வைக்கிறேன்.

முதலில் கோபுரம். கத்தலான் மொழியில் "காஸ்தெல்" என்பார்கள், கோட்டை என்று பொருள். கீழே நூற்றுக்கணக்கான பேர் நெருக்கியடித்து நிற்கும் அடித்தளத்துக்கு "பின்யா" என்று பெயர், அதாவது பைன் மரக் காய். அதன் மேல் ஆள் தோளில் ஆள். உச்சியில் ஏறுவது ஒரு சின்னக் குழந்தை, "என்ஷனேத்தா". அது மேலே போய் ஒரு கையைத் தூக்கிக் காட்டினால் கோபுரம் முடிந்தது. ஆனா அது பாதிக் கணக்குதான். ஏறியது மாதிரியே ஒழுங்காக எல்லாரும் இறங்கவும் வேண்டும். ஏற்றிவிட்டு இறங்கும்போது சரிந்தால் அதற்கு ஒரு பெயர், முழுசா இறக்கினால் வேறு பெயர். போட்டியில் மதிப்பெண்ணும் வேறு. பக்கத்தில் "கிரால்யா" என்ற சீவாளி வைத்த ஊதுகருவி ஒலித்துக்கொண்டே இருக்கும். அழகுக்காக மட்டும் இல்லை. பின்யாவில் முகத்தைக் கவிழ்த்து நிற்கிறவனுக்கு மேலே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. இசை மாறும் இடத்தை வைத்துத்தான் கோபுரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறான்.

"மூன்றில் எட்டு" போன்ற கணக்கும் உண்டு: அடுக்குக்கு மூன்று பேர், எட்டு அடுக்கு. ஒன்பது அடுக்கு என்பது இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் யாருக்கும் எட்டாத உயரமாக இருந்தது. 1981-ல் வால்ஸ் ஊரின் பழைய குழு அதை மறுபடி தொட்டது. பெண்கள் குழுக்களில் சேர ஆரம்பித்த காலமும் அதுதான். மேலடுக்குகளில் எடை குறைந்தது, உயரம் கூடியது. 1998-ல் பத்து அடுக்கும் வந்துவிட்டது. 2010-ல் யுனெஸ்கோ பட்டியல்.

இந்தக் கலை பிறந்த இடம் வால்ஸ். தர்ரகோனா நகருக்கு வடக்கே உள்ள சின்ன ஊர். 1801 வாக்கிலேயே அங்கே எதிரெதிராக இரண்டு குழுக்கள்: ஒன்று விவசாயிகளுடையது, மற்றது கைவினைஞர்களுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் "ஷிகெட்ஸ் தெ வால்ஸ்", அதாவது "வால்ஸ் பையன்கள்" என்றால் கோபுரம் கட்டுகிறவர்கள் என்றே பொதுவாக அர்த்தம் ஆகிப்போனது. 1867-ல் ஜோசெப் அன்செல்ம் கிளாவே அவர்களைப் பற்றி எழுதிய சேர்ந்திசைப் பாட்டுக்கும் அதுதான் தலைப்பு. ஒரு ஊரின் பையன்கள் ஒரு தொழிலுக்கே பெயர் ஆகிவிட்டார்கள்.

இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம். "ஷிகெட்" பார்சிலோனாக்காரர் வீட்டில் சொல்லும் சொல் இல்லை. அது தர்ரகோனாப் பக்கமும், எப்ரோ ஆற்றங்கரையும், அதற்குத் தெற்கே வலேன்சியா முழுவதும் புழங்குகிற சொல். வலேன்சியாவில் முதல் எழுத்தை "ச்ச" என்று அழுத்திச் சொல்வார்கள், பார்சிலோனாவில் "ஷ". கோபுரத்தின் கதையும் அதே தெற்கிலிருந்துதான் வருகிறது. வால்ஸில் அது தனிக் கலையாக ஆகும் முன்னால், ஊர்வலங்களில் ஆடும் ஒரு நடனத்தின் கடைசி உருப்படியாகத்தான் இருந்தது. அந்த நடனத்தின் பெயர் "பால் தெ வலேன்சியான்ஸ்", வலேன்சியாக்காரர்களின் ஆட்டம். ஆடி முடித்ததும் ஒருவர் மேல் ஒருவர் ஏறி ஒரு சின்னக் கோபுரம். ஊருக்கு ஊர் போட்டி வந்தபோது கோபுரம் வளர்ந்தது, நடனம் உதிர்ந்துபோனது.

வலேன்சியாவில் அந்த மூலவடிவம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அல்ஜெமெசி என்ற ஊரில் செப்டம்பர் 7, 8 தேதிகளில் ஆரோக்கிய மாதா திருவிழா. அதில் "முய்ஷெராங்கா" என்ற குழு, சிவப்பு, நீலம், வெள்ளைப் பட்டைகள் போட்ட கோமாளி உடை மாதிரியான உடுப்பில், ஆடவும் செய்யும், மனிதக் கோபுரங்களும் கட்டும். உயரம் இங்கே முக்கியமில்லை. சில அமைப்புகள் தேர் மாதிரி, பீடம் மாதிரி, ஒன்று சவ அடக்கத்தையே காட்டும். பக்தி வேலை. ஊதுகருவிக்கு இங்கே "தொல்சாய்னா" என்று பெயர். கத்தலோனியக் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்க்கிறவர்களுக்கு இது சின்னதாகத் தெரியும். எனக்கு என்னவோ இதுதான் மனசில் நிற்கிறது. அவசரமே இல்லாமல் ஏறுகிறார்கள். 2011-ல் இந்தத் திருவிழாவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஆக, இன்றைக்குக் கத்தலோனிய அடையாளம் என்றாலே கண்முன் வரும் மனிதக் கோபுரம், வலேன்சியர் பெயரில் ஆடிய ஆட்டத்தின் பேரப்பிள்ளை. இது ஏன் சங்கடமான விஷயம் என்று புரிய, அந்த இரண்டு பிரதேசங்களுக்கும் நடுவே மொழிப்பெயர் பற்றி நடக்கும் சண்டையைச் சொல்ல வேண்டும்.

வலேன்சியாவில் பேசுவது கத்தலானின் ஒரு வட்டார வழக்கு என்பதில் மொழியியலாளர்களுக்குள் பெரிய தகராறு கிடையாது. அங்கே அதை "வலேன்சியன்" என்றுதான் சொல்வார்கள். 1982-ன் தன்னாட்சிச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. பிராங்கோ போனபின் 1970-களின் கடைசியில் தெருவில் அடிதடி அளவுக்கே இந்தப் பெயர்ச் சண்டை போனது. இது வேறு மொழி என்று அடித்துச் சொல்லும் அரசியலும் உண்டு. 2005-ல் வலேன்சியாவின் அரசு மொழிக் கழகமே இரண்டும் ஒரே மொழிதான், பெயர் வலேன்சியன் என்றும் இருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது.

அதற்கு முந்தைய வருடம் நடந்தது ஒரு நகைச்சுவைக் காட்சி. ஐரோப்பிய அரசியல் சாசனத்தின் மொழிபெயர்ப்புகளை ஸ்பெயின் அரசு பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்ப வேண்டும். கத்தலான் ஒன்று, வலேன்சியன் ஒன்று என்று தனித்தனியாகக் கேட்டார்கள். கத்தலோனிய அரசு என்ன செய்தது தெரியுமா? வலேன்சியர் செய்த மொழிபெயர்ப்பையே தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. பிரஸ்ஸல்ஸுக்கு இரண்டு மொழிப் பெயரில் ஒரே பிரதி போய்ச் சேர்ந்தது. நம்ம தொழிலில் இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வித்தியாசம் காட்ட ஒரு கட்டளை உண்டு. அதை ஓட்டினால் வெற்றுத் திரைதான் வந்திருக்கும்.

சரி, வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, நிறைய. அதன் வரைபடம் பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் குடியேற்றத்தின் வரைபடம். முதலாம் ஜாவ்மே அரசர் 1229-ல் மயோர்க்காவையும் 1238-ல் வலேன்சியா நகரையும் முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து பிடித்தார். தீவுகளுக்குப் போனவர்களில் கிழக்குக் கடற்கரை ஆட்கள் அதிகம். வலேன்சியாவுக்கு லைதா, தொர்தோசா போன்ற மேற்குப் பக்கத்தவர்கள் அதிகம். இன்றும் மொழியைக் கிழக்கு, மேற்கு என்றுதான் இரண்டாகப் பிரிக்கிறார்கள். 1861-ல் மிலா இ ஃபோந்தனால்ஸ் போட்ட கோடு அது. அழுத்தம் விழாத "அ"வும் "எ"வும் கிழக்கில் ஒரே மங்கலான ஒலியாகக் கலந்துவிடும். மேற்கில் தனித்தனியாகக் கேட்கும்.

தீவு வழக்கில் இன்னொரு விசேஷம். கத்தலானில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் "எல், லா" என்று ஒரு சுட்டு வரும். மயோர்க்கா, மெனோர்க்காவில் பேச்சில் அது "எஸ், சா". லத்தீனில் வேறொரு சொல்லிலிருந்து வந்தது. ஆனா எல்லாவற்றுக்கும் இல்லை! கடல், வானம், அரசர், ஆயர், மாதா போன்ற பெரிய விஷயங்களுக்கு அங்கேயும் "எல், லா"தான். மேசைக்கும் நாற்காலிக்கும் "சா". இலக்கணத்துக்குள்ளேயே ஒரு மரியாதை வரிசை. ஒருகாலத்தில் இது பெருநிலத்திலும் இருந்தது என்பதற்கு ஊர்ப் பெயர்கள் சாட்சி. பார்சிலோனாவை ஒட்டிய சான்ட் ஜோவான் தெஸ்பி என்ற ஊரின் "தெஸ்பி", பைன் மரத்தின் என்று பொருள்படும் "தெஸ் பி".

இதிலும் அழகானது தார்பெனா. வலேன்சியாப் பகுதியில் மலைக்குள் இருக்கும் ஊர். சுற்றி எல்லாரும் "எல், லா" சொல்ல, இந்த ஊரில் மட்டும் "எஸ், சா". 1609-ல் ஸ்பெயின் அரசு மொரிஸ்கோ மக்களை, அதாவது மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வம்சத்தாரை, நாட்டை விட்டே துரத்தியது. காலியான ஊர்களுக்கு மயோர்க்காவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நானூறு வருஷம் ஆகிவிட்டது. வந்தவர்களின் சுட்டுச்சொல் இன்னும் போகவில்லை, அவர்கள் கொண்டுவந்த "சோப்ரசாதா" என்ற மிளகாய்த்தூள் போட்ட பன்றி இறைச்சிக் குழலும் போகவில்லை. அந்தச் சிவப்புக் குழலைப் பற்றி எழுதுகிறவர்கள் அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஒரு வட்டார வழக்கின் பின்னால் ஒரு வெளியேற்றம் இருக்கிறது என்பதை நான் கொஞ்சம் நின்றுதான் சொல்லுவேன்.

சார்டீனியா தீவிலுள்ள அல்கேரோவும் அப்படித்தான். 1354-ல் நான்காம் பேரே அரசர் பிடித்தார். பிறகு பழைய குடிகளை வெளியேற்றிவிட்டு கத்தலான் பேசுகிறவர்களைக் குடிவைத்தார்கள். இத்தாலிக்கு நடுவே ஒரு கத்தலான் ஊர். கூப்பிடும் பெயரே "பார்சிலோனேத்தா", குட்டி பார்சிலோனா. உயிரெழுத்துக்கு நடுவே வரும் "த", "ல" இரண்டையும் "ர" ஆக்கிவிடுவார்கள். அந்த ஊரில் பையனுக்கு "மின்யோ" என்பார்கள்.

கவனித்தீர்களா? தெர்ராசாக் குழுவின் பெயரில் இருக்கும் அதே சொல். கத்தலோனியாவில் அது பழஞ்சொல்லாகிவிட்டது. அதன் பெண்பால் "மின்யோனா" சுருங்கி வீட்டு வேலைக்காரி என்ற பொருளில் நின்றுவிட்டது. 1979-ல் தெர்ராசாவில் புதுசா குழு ஆரம்பித்தவர்கள் அந்தப் பழஞ்சொல்லை எடுத்துச் சட்டையில் போட்டுக்கொண்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அது வீட்டுப் பேச்சு, இந்தப் பக்கம் கோபுரத்தின் பெயர்.

மற்ற சொற்களுக்கும் இப்படி ஒவ்வொரு பூர்வீகம். "சகால்" அரபியிலிருந்து வந்தது. மயோர்க்காவின் "அல்லோத்" இடைக்காலத்தில் "அர்லோத்", போக்கிரி என்று பொருள். ஆங்கிலத்தில் கெட்ட அர்த்தம் எடுத்துக்கொண்ட ஒரு சொல்லுக்கும் அதே வேர். தீவில் அந்தப் போக்கிரி சாதுவாகி வெறும் பையன் ஆகிவிட்டான். விலாஃபிராங்காவின் "ஷிகோத்" இன்றைய பேச்சில் காதலன். இன்றைக்கு அந்த ஊருக்குப் புதுசா வரும் ஒருவர் பேனரைப் படித்தால் "விலாஃபிராங்காவின் காதலர்கள்" என்றுகூட எடுத்துக்கொள்ளலாம்.

வலேன்சியப் பேச்சு திருவிழா வழியாக எழுத்தில் ஏறிய விதம் இன்னும் தெளிவு. மார்ச் 15 முதல் 19 வரை நடக்கும் ஃபாய்யஸ் விழாவில் பிரம்மாண்டமான கேலிப் பொம்மைகளைத் தெருவில் நிறுத்தி, கடைசி ராத்திரி எரிப்பார்கள். எரிப்பதற்குப் பெயர் "கிரெமா". பட்டாசு முழக்கம் "மாஸ்கிலெதா". நிறுத்துவது "பிளாந்தா". இலக்கணப்படி இவை "கிரெமாதா", "மாஸ்கிலெதாதா", "பிளாந்தாதா" என்றுதான் முடிய வேண்டும். வலேன்சியப் பேச்சில் அந்த நடு "த" விழுந்துவிடும். பள்ளிக்கூட நோட்டில் இப்படி மத்த சொற்களை எழுதினால் வாத்தியார் சுழிப்பார். விழா நோட்டீஸில் மட்டும் விழுந்த எழுத்து விழுந்தபடியே அச்சாகிறது. பைரனீஸ் மலைக் கிராமங்களில் இதே "ஃபாய்யா" என்ற சொல் வேறு: கோடைகாலத்தில் மலையுச்சியிலிருந்து தோளில் சுமந்து இறங்கும் தீப்பந்தம். லத்தீனில் பந்தத்துக்குத்தான் அந்தப் பெயர். மலைக்காரர்கள் மூலத்தோடு நிற்கிறார்கள். 2015-ல் மலையின் பந்தமும், 2016-ல் வலேன்சியாவின் பொம்மையும் யுனெஸ்கோவில் பதிவாயின.

எல்லாம் ஆதிகாலத்தது என்று நினைத்துவிட வேண்டாம். பிசாசு வேஷம் போட்டு மத்தாப்பூவோடு கூட்டத்துக்குள் ஓடும் "கோர்ரெஃபோக்" இப்போது எல்லா ஊரிலும் உண்டு. அது பிறந்தது 1979-ல், பார்சிலோனாவின் மெர்சே விழாவில். ஏறக்குறைய என் வயசு. சர்வாதிகாரம் முடிந்து முதல் ஜனநாயக நகராட்சித் தேர்தல் நடந்த வருஷம் அது. தெருவை மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு விழா தேவைப்பட்டது. மயோர்க்காவில் மனிதக் கோபுரம் வந்ததும் 1990-களில்தான், இறக்குமதிச் சரக்கு. ஆனா சட்டையில் "அல்லோத்ஸ்" என்று தங்கள் சொல்லைப் போட்டுக்கொண்டார்கள். தீவின் சொந்தச் சரக்கு என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு கோயிலில் ஒரு சிறுவனோ சிறுமியோ கையில் வாளைப் பிடித்து உலக முடிவைப் பாடும் "சிபிலாவின் பாட்டு". ட்ரென்ட் திருச்சங்கத்துக்குப் பிறகு மற்ற இடங்களில் இதை ஒழித்துக்கட்டினார்கள். மயோர்க்காவும் அல்கேரோவும் விடவில்லை.

இந்த வேற்றுமைகளை எல்லாம் வைத்துக்கொண்டு ஒரே எழுத்துமொழி எப்படி உருவானது? அங்கே இரண்டு பேர். ஒருவர் பொம்பேயு ஃபாப்ரா, படிப்பால் தொழிற்துறைப் பொறியாளர், பில்பாவோவில் வேதியியல் பாடம் நடத்தியவர். 1913-ல் எழுத்துக்கூட்டு விதிகள், 1932-ல் அகராதி. அவர் செய்த நல்ல காரியம், பார்சிலோனாக் காதுக்கு மட்டும் எழுதவில்லை. பார்சிலோனாவில் கலந்துபோன "அ", "எ" இரண்டையும் எழுத்தில் பிரித்தே வைத்தார். "காசா" வீடு, "காசெஸ்" வீடுகள். கிழக்கத்தியான் இரண்டிலும் மங்கலாகச் சொல்வான், மேற்கத்தியான் எழுதியபடி சொல்வான், எழுத்து ஒன்றே. பொறியாளர் வேலை என்று பார்த்தவுடன் தெரிகிறது.

மற்றவர் மயோர்க்காப் பாதிரியார் அந்தோனி மரியா அல்கோவர். 1901-ல் ஓர் அழைப்புக் கடிதம் அச்சிட்டு, உங்க ஊர்ச் சொற்களை எழுதி அனுப்புங்கள் என்று மொழி பேசும் பிரதேசம் முழுக்கக் கேட்டார். தானும் ஊர் ஊராக அலைந்து கேட்டுக் குறித்தார். சீட்டுகளைப் போட்டு வைத்த இழுப்பறைப் பெட்டியே அங்கே பிரசித்தம். பார்சிலோனா அறிஞர்களோடு கடைசியில் பெரிய சண்டை போட்டுப் பிரிந்தார். 1932-ல் இறந்தார். பிரான்செஸ்க் தெ போர்ஜா மோல் அந்த வேலையைத் தொடர்ந்து, 1962-ல் பத்துத் தொகுதிகளாக முடித்தார். பிராங்கோ காலத்தில், பொதுவிடத்தில் அந்த மொழிக்கே இடம் இல்லாதபோது! அகராதியின் பெயர் "கத்தலான்-வலேன்சியன்-பலேயாரிக் அகராதி". மூன்று பெயரும் கோடு போட்டு ஒரே அட்டையில். ஒரு சொல்லை எடுத்தால் எந்த ஊரில் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போட்டிருக்கும். இணையத்தில் இலவசமாக இருக்கிறது. "பையன்" சொற்களை நான் துருவியது பெரும்பாலும் அதில்தான்.

ஃபாப்ரா இல்லையென்றால் இன்றைக்குப் பள்ளியும் தொலைக்காட்சியும் அந்த மொழியில் இல்லை. அதை ஒத்துக்கொண்டே, நான் அல்கோவர் கட்சி. ஏனென்றால் இப்போது நடப்பது இரண்டு பக்கத் தேய்மானம். கத்தலோனியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் கத்தலானை அன்றாட மொழியாகச் சொன்னவர்கள் 2003-ல் 46 சதவீதம். 2023 கணக்கெடுப்பில் 32.6. அல்கேரோவில் பிள்ளைகள் இத்தாலியனுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிப் பேசுகிறவர்களுக்குள்ளும் தொலைக்காட்சி, செல்போன் வழியாக பார்சிலோனாச் சொல் மற்றதை ஓரம் கட்டுகிறது. முதலில் காணாமல் போவது இப்படியான வீட்டுச் சொற்கள்தான். கலைச்சொல்லுக்குக் குழு போட்டுக் காப்பாற்ற ஆள் உண்டு. பையனைக் கூப்பிடும் சொல்லுக்கு யார் குழு போடுவார்கள்?

குழுக்களே போடுகின்றன என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அங்கேயும் ஒரு சிக்கல். இப்போது சுமார் நூறு குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் நிறைய "காஸ்தெல்லெர்ஸ் தெ" என்று ஆரம்பித்து ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டவை. கோபுரம் கட்டுகிறவர்கள், அவ்வளவுதான். நியாயமும் உண்டு: பாதிப் பேர் பெண்களாக இருக்கும்போது "பையன்கள்" என்று எதற்கு வைக்க வேண்டும்? ஆனா அந்த நியாயத்தோடு சேர்ந்து வட்டாரச் சொல்லும் போய்விடுகிறது. "பெண்பிள்ளைகள்" என்று ஊர்ச் சொல்லில் வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். அதற்கும் ஊருக்கு ஒரு சொல் இருக்கிறது.

அதே நேரம் இன்னொன்று எதிர்த்திசையில் நடக்கிறது. சீனாவின் ஹாங்ஜோ நகரில் ஒரு கத்தலான் துணி நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் சீனத் தொழிலாளர்கள் கோபுரக் குழு ஒன்று அமைத்தார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் ஒரு குழு உண்டு. இரண்டின் பெயரும் பார்சிலோனாச் சொல்லில் இல்லை. ஹாங்ஜோவிலும் "ஷிகெட்ஸ்", கோபன்ஹேகனிலும் "ஷிகெட்ஸ்".